ஏழாவது குழி

"சனிக்கிழமை முதலாளி உங்களோட கோல்ஃப் ஆடணுமாம்" என்று மேனேஜர் சொன்னதும் கணக்காளருக்குக் கூட்டிக்கொண்டிருந்த கணக்கு தப்பிப்போனது.

"நான் யாரையும் ஆபீசில் வைத்து அவமானப்படுத்தியதில்லை" என்பது அந்த முதலாளியின் பெருமை. உண்மைதான். வேலையைவிட்டு அனுப்ப வேண்டியவரை கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிப்போவார். ஆறு குழி வரை உடம்பு, குடும்பம் என்று கனிவாக விசாரிப்பார். ஏழாவது குழியருகே தோளில் கை போடுவார். அதற்குள் ஆள் கத்தத் தெம்பில்லாமல் களைத்திருப்பார். கத்தினாலும் கேட்பதற்குப் புல்தான் இருக்கும். ஸ்டோர் கீப்பர் அப்படித்தான் போனார். டைப்பிஸ்ட்டும்.

"எனக்கு ஆடவே தெரியாதே, சார்."

"அதனாலென்ன? இந்தப் பக்கம் மூணு பொது மைதானம் இருக்கு. மூணையும் பார்த்துட்டு எது தேவலைன்னு நீங்களே சொல்லணுமாம். என்னையும் வரச் சொல்லியிருக்கார்."

சாட்சிக்கு வருகிறார் என்று கணக்காளர் நினைத்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி துணி மடித்தபடியே கேட்டாள். "ஆக, தூக்குல போடறதுக்கு முன்னாடி, எந்தக் கடைக் கயிறு உறுதியா இருக்குன்னு உங்களையே விசாரிச்சுட்டு வரச் சொல்றாராக்கும்."

"பொண்ணு படிப்பு பாதியில நிக்கப்போகுது. உனக்குக் கிண்டல்."

"ஏழாவது குழியிலதானே சொல்வார்? அது இல்லாத மைதானமாப் பாருங்க."

இருபது வருஷத்தில் முதல்முறையாக மனைவியை அவர் மரியாதையுடன் பார்த்தார்.

லீவு போட்டுவிட்டுக் கிளம்பினார். முதல் மைதானத்தில் புல் பட்டுப்போல இருந்தது. ஏழாவது குழியருகே மரநிழல், ஒரு பெஞ்ச். உட்கார்ந்து அழ வசதியான இடம். வேண்டாம்.

இரண்டாவதில் ஏழாவது குழியை ஒட்டி ஒரு குளம்.

"ஆழமா?"

"ஆழம்தான் சார்" என்ற காவலாளி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் கேக்கறீங்க?" என்றார்.

மூன்றாவது மைதானம் பஸ் டிப்போவுக்குப் பின்னால். புல்லைத் தேட வேண்டியிருந்தது.

"ஏழாவது குழி எங்கப்பா?"

"சாக்கடைக் குழாய் போடறோம்னு தோண்டுனாங்க. அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரல. ஆறோட சரி சார்."

கணக்காளர் அந்தக் காவலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த மைதானத்தைப் பார்த்து மகிழ்ந்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்கும்.

"மூணுல இதுதான் முதல் தரம்" என்று மேனேஜரிடம் அடித்துச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மழை பெய்தது.

மறுநாள் தூறலில், முதல் குழியிலேயே முதலாளியின் வெள்ளை ஷூ சேற்றில் மாட்டிக்கொண்டது. கணக்காளர் ஓடிப்போய் இழுத்தார். கால் மட்டும் வந்தது. "இங்க கெட்டியா இருக்கு, சார்" என்று அவர் காட்டிய இடத்தில் முதலாளி முழங்கால்வரை இறங்கினார். இனி நடக்கவிடக் கூடாது என்று அவரை முதுகில் ஏற்றிக்கொண்டார். ஐந்தாவது குழிக்குக் கொஞ்சம் முன்பாக இருவரும் குப்புற விழுந்தார்கள். மேனேஜர் குடையைச் சாய்த்துச் சிரிப்பை மறைத்தார்.

ஆறாவது முடிந்ததும் முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். "அடுத்தது எங்கே?"

"இவ்வளவுதான், சார்." கணக்காளருக்குப் போன உயிர் திரும்பிவந்தது.

"இதைத் தேடிக் கண்டுபிடிச்சது யாரு?"

"இவர்தான் சார்" என்றார் மேனேஜர். "மூணையும் பார்த்துட்டு, இதுதான் முதல் தரம்னார்."

முதலாளி முகத்துச் சேற்றை வழித்து எறிந்தார். "மூணுல நல்லது எதுன்னு பார்க்கத் தெரியாத நீங்க, என் கணக்கை என்னத்தைப் பார்த்திருப்பீங்க? திங்கட்கிழமை வராதீங்க."

தோளில் கை போடவில்லை. கை சேறாக இருந்தது.

முதலாளியும் மேனேஜரும் குழாயடியில் கால் கழுவப் போனார்கள். காருக்குள் பழைய பேப்பர் விரித்துக்கொண்டிருந்த முதலாளியின் டிரைவர் மெல்லக் குனிந்து சொன்னார்:

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? மேனேஜரோட சீட்டைக் கிழிச்சு அனுப்பிட்டு, அந்த நாற்காலியை உங்களுக்குக் குடுக்கத்தானே இன்னிக்கு ரெண்டு பேரையும் கூப்பிட்டார்."