கயிறு பிடிக்க ஒரு மச்சான்

குளித்து ஊற்றிய தண்ணீர், போன வழியே திரும்பி வந்து வன்னியபெருமாளின் கணுக்காலைத் தொட்டது. அவர் கவனிக்கவில்லை. துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கியில் கணக்கு எழுதுகிறவர் அவர். சொந்தமாக ஒரு தோணி வாங்கிக் கொழும்புக்கு ஓட்ட வேண்டும் என்று ஆசை. அந்தத் தோணி அவர் குளிக்கும்போதுதான் நன்றாக ஓடும்.

"என்னங்க! வாருகால் அடைச்சுக் கிடக்கு, நின்னுக்கிட்டே தூங்குதீங்களா?" என்றாள் மனைவி செண்பகம். "ஞாயித்துக்கிழமை சாயர்புரத்துக்காரங்க நம்ம சந்தனமாரியைப் பாக்க வாராங்க. முத்தத்துல நீந்தியா வருவாங்க?"

அப்போதுதான் அவர் குனிந்து காலடித் தண்ணீரைப் பார்த்தார். மகளுக்கு வந்திருப்பது நல்ல இடம். வீடு நாறி அது கைநழுவிப் போனால், செண்பகம் ஆயுள் முழுக்கச் சொல்லிக்காட்டுவாள்.

வீட்டுத் தண்ணீரெல்லாம் முற்றத்து வாருகால் வழியாகப் பின்கட்டுக் குழியில் போய் விழுந்து, குழியின் அடித்துவாரம் வழியாக வெளியேறும். பழைய சொந்தக்காரர் என்ன நினைத்தாரோ, கிணறு போல ஆழமாக வெட்டி வைத்திருந்தார்.

மீன்காரி பிளாரன்ஸ் பின்கட்டில் உட்கார்ந்து சாளை ஆய்ந்துகொண்டிருந்தாள். வழக்கமாகச் சாக்கு விரித்து உட்காருகிறவள், அன்று ஒரு செங்கல்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"உன் மீன் செதிலாலதான் அடைச்சிருக்கு, ஏளா!"

"இருக்கும் அண்ணாச்சி" என்றாள். எதையும் லேசில் ஒத்துக்கொள்ளாதவள் அவள்.

வன்னியபெருமாள் மூங்கில் கழியை வாருகாலுக்குள் விட்டுக் குத்தினார். பாதிக் கழி கையோடு வந்தது. மீதி வரவில்லை.

குழாய் வேலை பார்க்கும் காயல்பட்டினத்து ஈஸாவைக் கூப்பிட்டார்கள். யுத்தத்தால் இரும்புக் குழாய்க்குக் கன்ட்ரோல், கடையில் கிடைப்பதில்லை. ஈஸாவுக்கு வேலையே இல்லை, அதனால் சொன்னவுடன் வந்தார். "முனிசிபல் தண்ணியை வேகமா விட்டா பிச்சுக்கிட்டுப் போயிரும்" என்று ரப்பர் குழாயைச் சொருகித் திறந்துவிட்டார். தண்ணீர் பிய்த்துக்கொண்டு வந்தது. போகத்தான் இல்லை.

முற்றம் முழுக்கத் தண்ணீர். அதில் நிழல் விழுந்த ஒரு மேகம் அடுக்களைப் படிவரை வந்து நின்றது. தேங்காய்ச் சிரட்டை ஒன்று துளசிமாடத்தைச் சுற்றி மெல்ல மிதந்து போயிற்று. வன்னியபெருமாள் படியில் உட்கார்ந்தபடியே அதற்குப் பாய் கட்டினார், கருவாடு ஏற்றினார். இந்த அழகை ஏன் வெளியேற்ற வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றியது. கொழும்பு கண்ணுக்குத் தெரிகிற சமயத்தில் ஈஸா தோளைத் தொட்டார்.

"அடைப்பு குழிக்குள்ள, தண்ணிக்கு அடியில இருக்கு. நான் குழாய்க்காரன் அண்ணாச்சி. முங்குற ஆளைப் பாருங்க."

"எங்க வீட்டுக்காரர் சங்கு குளிக்கிறவருதான்" என்றாள் பிளாரன்ஸ், மீனிலிருந்து தலை நிமிராமல்.

அவள் புருஷன் பாஸ்கல் வந்தான். குழியை எட்டிப் பார்த்தான். கையைக் கட்டிக்கொண்டான்.

"கயிறு பிடிக்க மச்சான் வேணும்."

"நான் பிடிக்கேன், இறங்குலே."

"உங்க தங்கச்சியையா நான் கட்டியிருக்கேன்?"

கடலில் முங்குகிறவனின் கயிற்றை மேலே இருந்து பிடிப்பவன் அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும். தங்கையின் தாலி கயிற்று நுனியில் இருக்கும்போது எந்த அண்ணனும் பிடியை விடமாட்டான்.

"இது கடலாலே? எங்க வீட்டுக் குழி!"

"எங்கன முங்கினாலும் மூச்சு ஒண்ணுதானே, அண்ணாச்சி."

சிக்கல் என்னவென்றால், பாஸ்கலும் பிளாரன்ஸின் அண்ணன் கித்தேரியானும் பேசிக்கொள்வதில்லை. மாதா கோயில் திருவிழா விருந்துக்குத் தன்னைக் கூப்பிடவில்லை என்று பாஸ்கலும், கூப்பிட்டும் வரவில்லை என்று கித்தேரியானும் முறுக்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து பாஸ்கல் கடலுக்கே போகவில்லை. பிளாரன்ஸின் மீன்பெட்டியால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

வன்னியபெருமாள் கித்தேரியானிடம் ஓடினார். "அவன் வந்து மச்சான்னு ஒரு வார்த்தை கூப்பிடட்டும்" என்றான் அவன். பாஸ்கலிடம் ஓடினார். "மொதல்ல அவன் வரட்டும்." வன்னியபெருமாள் நடையாய் நடந்தார். தண்ணீர் இன்னொரு படி ஏறியது.

கடைசியில் பொய்தான் கைகொடுத்தது. "பாஸ்கல் உன்னை நினைச்சு அழுதான்" என்று அங்கே சொன்னார். இங்கே வந்து, "கித்தேரியான் அழுதான்" என்றார்.

சனிக்கிழமை இருவரும் பெருந்தன்மையோடு வந்து முற்றத்துத் தண்ணீரில் நின்றார்கள்.

"அழுதியாமே?"

"நானா? நீதானலே அழுதே!"

கைகலப்பாயிற்று. விலக்கப்போன வன்னியபெருமாள்தான் முதலில் முங்கினார். எழுந்தபோது தலையில் சாளைச் செதில் மின்னியது. அதைப் பார்த்து இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துத் தொலைத்தார்கள். சிரித்த பிறகு சண்டையைத் தொடர வழியில்லை. கித்தேரியான் கயிற்றை எடுத்தான்.

பாஸ்கல் குழிக்குள் முங்கினான். ஆள் வரவில்லை. தண்ணீரில் சலனமே இல்லை. கித்தேரியானின் முகம் வெளுத்தது.

"மச்சான்! ஏ மச்சான்!" என்று அலறி இழுத்தான்.

பாஸ்கல் மேலே வந்தான். ஒரு கையில் மூங்கில் துண்டு, மறு கையில் தேங்காய் நார் திணித்த சாக்குப் பொட்டலம். முற்றத்துத் தண்ணீர் களக் களக்கென்று இறங்கத் தொடங்கியது. மச்சான்மார் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். வன்னியபெருமாள் சொன்ன இரண்டு பொய்யும் அப்போது உண்மையாயிற்று.

"திங்கக்கிழமை கடலுக்குப் போவோம் மச்சான்" என்று பேசியபடி இருவரும் புறப்பட்டார்கள். செண்பகம் முற்றத்தைக் கழுவிக் கோலப்பொடியைத் தேடினாள். தரைதட்டிய சிரட்டையைக் கையில் எடுத்த வன்னியபெருமாளுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

பிளாரன்ஸ் அந்தச் சாக்கை உதறி, அலசி, மதில்மேல் காயப்போட்டாள்.

"குப்பையை எதுக்குளா காயப்போடுதே? தூர எறி!"

"நாளைக்கு மீன் ஆய உக்கார எனக்கு வேற சாக்கு இல்லை. கோவிச்சுக்காதீங்க அண்ணாச்சி, இந்தத் தெருவுல ஆளு முங்குற ஆழத்துக்கு உங்க வீட்டுக் குழிதான் இருக்கு."