நான் செவிடன் இல்லீங்க

என்னை ஏமாற்ற ஒருத்தன் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும். ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் நின்று இப்படித்தான் பேசிக்கொண்டு திரிந்தேன். ஒருத்தி ஏற்கனவே பிறந்து, வளர்ந்து, எனக்கே கழுத்தையும் நீட்டியிருந்தாள் என்பதை யோசிக்கவில்லை.

பள்ளிக்கூடம் என்னை மூன்றாம் வகுப்போடு கைகழுவியது. மிச்சத்தை அடியும் உதையுமாகச் சொல்லிக்கொடுத்தது சேலம் கடைவீதி. இன்றைக்கு மிளகு வியாபாரத்தில் தேவசிகாமணி என்றால் செம்மநத்தம் வரைக்கும் தெரியும். மிளகில் பப்பாளி விதையைக் கலந்து கொண்டுவருவார்கள். ஒரு பிடி அள்ளித் தண்ணீரில் போடுவேன். நல்ல மிளகு அடியில் போகும், கள்ளன் மிதப்பான். அவ்வளவுதான் சோதனை.

அப்படிப்பட்ட என் ஊருக்கு, எண்பத்து நாலாம் வருசம், ஒரு பப்பாளி விதை வெள்ளை சூட்டுப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தது. பெயர் சுகவாக்கு சகோதரர். ஏரிக்கரையில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம். குருடன் பார்ப்பான், செவிடன் கேட்பான் என்று ஜீப்பில் குழாய் கட்டி மலை முழுக்க அலறினார்கள்.

நானும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவன்தான். ஆண்டவர் சுகம் கொடுப்பார் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. நடுவில் நின்று தரகு பார்க்கிறவன்மேல்தான் சந்தேகம். நானே தரகன். தரகன் கால் தரகன் அறிவான்.

என் ரத்தம் கொதித்தது பக்கத்து வீட்டு மருதாயியால். காப்பி எஸ்டேட்டில் வேலை செய்கிறவள். அவள் மகள் காமாட்சிக்குச் சின்ன வயசிலிருந்தே வலிப்பு. சேலம் ஆஸ்பத்திரி மாத்திரையில் இரண்டு வருசமாக வராமல் இருக்கிறது. அந்த மாத்திரையைக் கடைசி நாள் மேடையில் இருக்கும் பெட்டியில் போட்டுவிடப் போகிறாளாம். அதுதான் விசுவாசமாம்.

"நிறுத்துனா என்ன ஆகும்னு டாக்டர் சொன்னாரு?"

"மறுக்கா வரும்னாருங்கண்ணா. அப்படி வந்தா நம்ம விசுவாசம் பத்தலைன்னு பிரதர் சொன்னாருங்க."

பாருங்கள் வியாபாரத்தை! நோய் தீர்ந்தால் அவன் சரக்கு உசத்தி. தீராவிட்டால் வாங்கினவள் பையில் ஓட்டை. இத்தனை வருசத்தில் எனக்குக்கூட இது தோன்றவில்லையே!

"மாசாமாசம் பஸ்ஸேறிப் போறதுக்கும் முடியலீங்கண்ணா. வர்றதுக்குள்ள ஒரு நாள் வேலை போகுது. எஸ்டேட்டு கணக்கு ரைட்டர் கத்தறாரு." சொல்லிவிட்டு என் ஜீப்பைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். ஜீப்பில் மூட்டைக்குத்தான் இடம் என்று போன வருசமே சொல்லியாயிற்று.

வீட்டுக்குள் வந்து என் பெண்டாட்டி தங்கம்மாவிடம் சபதம் போட்டேன்.

"நான் செவிடனா நடிக்கப்போறேன்."

"எதுக்குங்க நடிக்கோணும்? நான் சொன்னது என்னைக்கு உங்க காதுல ஏறியிருக்குது?"

"விளையாடாதே புள்ள! மேடையில ஏறுவேன். அவன் சுகமாயிருச்சும்பான். மைக்கைப் புடுங்கி, நான் செவிடனே இல்லைடான்னு போடுவேன். மலை ரோட்டு இருபது வளைவையும் ஒரே மூச்சுல இறங்கி ஓடுவான் பாரு."

"நல்ல ரோசனைதானுங்க. ஆனா உங்க கோவத்துக்கு ரெண்டு நிமிசம் காது கேக்காம இருப்பீங்களா? இன்னும் ரெண்டு நாள் கெடக்குது. பழகிப் பாருங்க."

பழகினேன். முதுகுக்குப் பின்னால் குண்டாவைப் போட்டு உருட்டினாள். நான் திரும்பவில்லை. டீக்கடை குழந்தைவேல் வந்தார்.

"அண்ணனுக்கு என்னாச்சுங்க்கா?"

"காது போயிருச்சுங்க. வாய் தப்பிச்சிருச்சு."

பொறுத்துக்கொண்டேன். மருதாயியும் வந்து நின்றாள். தங்கம்மா நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "ஏனுங்க, இனிமே மாசாமாசம் மருதாயியையும் காமாட்சியையும் நம்ம ஜீப்புலயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்கல்ல? முடியாதுன்னா இப்பவே முடியாதுன்னு சொல்லிருங்க."

வாயைத் திறந்தால் சபதம் போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன்.

"ஒண்ணுமே மறுக்கலை பாத்தீங்களா? குழந்தைவேலு, நீங்கதான் சாட்சி."

"நான் சாட்சிங்க்கா!" என்றார் அந்தப் பாவி, சிரிப்பை டம்ளருக்குள் விட்டுக்கொண்டு.

செவிடன் கொடுத்த வாக்கு செல்லாது என்று எனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள். மேடையேறுகிறவர்கள் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். தங்கம்மாதான் எழுதினாள். பெயர் தேவசிகாமணி, தொழில் மிளகு, நோய் செவிடு. சகோதரர் சோடாபுட்டிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சீட்டைப் படித்தார். என் பின்னால் நின்று கை தட்டினார். நான் அசையவில்லை. தகர டப்பாவை அடித்தார். அசையவில்லை. தலையில் கையை வைத்து அழுத்தி, மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, காதோரமாக மெல்லக் கேட்டார்:

"உன் மிளகுல பாதி பப்பாளி விதையாமே?"

"எவன்டா சொன்னது?"

என் குரல் ஏரிக்கு அந்தப்பக்கம் போய் முட்டித் திரும்பி வந்தது. கூட்டம் எழுந்து நின்று "அல்லேலூயா!" என்றது.

"யோவ், நான் செவிடன் இல்லைய்யா!"

"கேட்டீர்களா? இனி செவிடன் இல்லை என்கிறார்!"

"முன்னாலயும் எனக்குக் காது கேட்டுச்சு!"

"முன்னால் இருப்பவர்கள் பேசுவதும் கேட்கிறதாம்! அல்லேலூயா!"

"அத்தனையும் பொய்யி! நடிப்பு!"

"செவிட்டு ஆவி போகிறபோது அப்படித்தான் கத்தும்!"

இரண்டு தடியன்கள் என்னைக் கட்டித் தழுவினார்கள். அன்பால் அல்ல, அசையாமல் இருக்க. நான் கத்தக் கத்த அற்புதம் பெருகியது. அந்தத் தழுவலுக்குள்ளிருந்து பார்க்கிறேன்: மருதாயி கண்ணீரோடு வருகிறாள். ஒரு கையில் காமாட்சி. மறு கையில் மாத்திரை டப்பா.

"தேவசிகாமணியண்ணனுக்கே கேட்டிருச்சே சாமி! எம் புள்ளைக்கு ஆகாதா?"

அந்தப் பிள்ளை எங்கள் வாசலில் விழுந்து, வாயில் நுரை தள்ளிக் கிடந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இப்போது அந்த மாத்திரைக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு முழம். அதுவும் என் புண்ணியத்தில்.

அப்போதுதான் தங்கம்மா மேடையேறினாள். தலையில் முக்காடு, கும்பிட்ட கை, ஊதினால் பறந்துவிடுவதுபோல ஒரு பணிவு. சாட்சி சொல்ல வந்தவள் என்று சகோதரரே மைக்கைக் கொடுத்தார்.

"அய்யா, மருதாயி கொஞ்சம் பயந்துக்கிறாளுங்க. பெரியவங்க வழி காட்டுனா நாங்க பின்னால வந்துருவமுங்க. மொதல்ல நீங்க அந்தக் கண்ணாடியைக் கழட்டிப் பொட்டியில போட்டுட்டு, வேதத்துல நாலு வரி வாசிச்சுக் காட்டுங்க. அந்த நிமிசமே இவ மாத்திரையைப் போட்டுருவா."

சகோதரர் கை கண்ணாடி வரைக்கும் போனது. போன கை அங்கேயே நின்றது.

"சகோதரி, இது... இது வெயிலுக்காகப் போடுவது."

"எங்கூருல மூணு நாளா பனிமூட்டமுங்க. வெயிலையே கண்ணுல காணமுங்களே."

முதலில் குழந்தைவேல் சிரித்தார். பிறகு ஏரிக்கரையே சிரித்தது. செம்மநத்தத்துக்காரர் ஒருவர், "அப்ப என் மாத்திரையைக் குடுங்கய்யா!" என்று பெட்டியில் கையை விட்டார். அவர் பின்னால் வரிசை. மருதாயி டப்பாவை மடியில் செருகிக்கொண்டு மகளை இழுத்து அணைத்தாள். அலறிக்கொண்டு ஏறின ஜீப், இருட்டுவதற்குள் சத்தமில்லாமல் இறங்கியது.

வீட்டுக்கு நடக்கும்போது மீசையைத் தடவினேன். "நான் ஆரம்பிச்சு வெச்சேன், நீ முடிச்சு வெச்சே."

"மிளகைத் தண்ணியில போட்டுத்தானுங்களே பாப்பீங்க? நான் அதைத்தான் பண்ணுனேன். நீங்க என்னடான்னா நீங்களே தண்ணிக்குள்ள குதிச்சுட்டீங்க."

நான் மீசையை விட்டுவிட்டேன்.

புதன்கிழமை காலை. சேலத்துக்கு மூட்டை ஏற்றலாம் என்று போனால், ஜீப்பின் முன்சீட்டில் மருதாயி. பக்கத்தில் எண்ணெய் வைத்து ரிப்பன் கட்டின காமாட்சி, கையில் ஆஸ்பத்திரிச் சீட்டோடு.

"தங்கம்மா! இது என்ன கூத்து? நான் எப்பச் சரின்னேன்?"

"நான் சாட்சிங்கண்ணா!" எதிரே டீக்கடையிலிருந்து குரல் வந்தது.

"அன்னைக்கு எனக்குக் காதே கேக்கலை!" என்று கத்தினேன்.

தங்கம்மா நிதானமாக மூட்டையை நகர்த்தி, காமாட்சி கால் நீட்ட இடம் பண்ணினாள்.

"அன்னைக்குக் கேக்கலைன்னா, அந்தப் பிரதர் உங்களைச் சொஸ்தமாக்குனது நெசமுங்க. ஊருக்கெல்லாம் போய்ச் சொல்லிரலாம். கேட்டுச்சுன்னா வண்டியை எடுங்க."

வண்டியை எடுத்தேன்.