பலகையில் இருக்கும் ஐயாவின் படிப்பு

மரியாதைக்குரிய பெரியப்பாவுக்கு,

நீங்கள் கேட்காமலேயே எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீங்கள் "ம், சொல்லு" என்றதுமே எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது. நீங்களும் பெரியம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவும் சௌக்கியம். அதுதான் விஷயமே.

நீங்கள் கையெழுத்துப் போட்டு அப்பாவைக் குடிமீட்பு இல்லத்தில் சேர்த்துவிட்டுப் போன பிறகு, அதை நடத்தும் ஐயா உண்மையில் டாக்டர்தானா என்று வீட்டில் பேச்சு கிளம்பியது. வாசல் பலகையில் அவர் பேருக்குப் பின்னால் நிற்கும் எழுத்துகளைப் பார்த்துவிட்டு, இவ்வளவு படித்தவன் இங்கே வந்து ஏன் உட்கார வேண்டும் என்றார் சித்தப்பா. அத்தையோ, "டாக்டர்னா ஊசி போடணும். இவரு கிள்ளக்கூட மாட்டேங்கிறாரு" என்றாள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நம் குடும்பத்தில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதானே, படித்தவரைப் படித்தவள் பார்த்தாலே தெரிந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. நான் படித்தது தாவரவியல் என்று சொல்லிப் பார்த்தேன். "அவரும் மரம் மாதிரிதான் உட்கார்ந்திருக்காரு, போய்ப் பாரு" என்று சித்தப்பா அனுப்பிவிட்டார்.

போனேன் பெரியப்பா. ஐயா இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு வந்தார், தொண்டையைக் கனைத்தார், கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தார், "சொல்லுங்கம்மா" என்றார். நான் வார்த்தையைத் தேடி எடுப்பதற்குள் அவரே, என்ன படித்திருக்கிறேன், எந்த வகுப்பில் தேறினேன், படித்ததில் ஏதாவது நினைவிருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு இல்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவருடைய தகுதியை விசாரிக்கப் போனவள் என்னுடையதைத் தொலைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அப்பாவைப் பார்க்கலாம் என்று கூடத்துக்குப் போனால், அங்கே எல்லோரும் இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்கள். வைத்தியமே அதுதானாம். ஐயா நடப்பது போல நடந்து, சிரிப்பது போலச் சிரித்து வந்தால், உள்ளே இருக்கும் குடிகாரன் இது நம் வீடு இல்லை என்று கிளம்பிவிடுவானாம். திடீரென்று எல்லோரும் ஒரே நேரத்தில் கனைத்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டேன். அப்போது வரிசையில் ஒருவர் திரும்பி, என்னைப் பார்த்து, கண்ணை மூடித் தண்ணீர் குடித்துவிட்டு, "சொல்லுங்கம்மா" என்றார். அது அப்பா. அப்பா என்னிடம் ஒரு நாளும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. குரலும் அவருடையது இல்லை. ஐயாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது, குரல் மட்டும் இங்கே நின்றுகொண்டிருந்தது.

வெளியே வரும்போது, அங்கே அலுவலகத்தில் வேலை பார்க்கும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல செய்தி சொல்வது போலச் சொன்னாள். "உங்கப்பாதான் இப்ப எல்லாரையும்விட நல்லா வர்றாரு. ஐயாவுக்கும் உடம்பு முடியல. அடுத்து உங்கப்பாதான்." எதற்கு அடுத்து என்று கேட்டேன். இப்போதிருக்கும் ஐயாவும் குடித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தவர்தானாம். அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தானாம். யார் அச்சு அசலாக வருகிறாரோ அவர் நாற்காலியில் உட்காருவாராம். அப்படியானால் பலகையில் இருப்பது யாருடைய படிப்பு என்றேன். "அது மொதல் ஐயாவோடது. பேரும் அவரோடதுதான். உட்கார்றவங்க அதையே வச்சுக்குவாங்க. சொந்தப் பேரு அப்புறம் எதுக்கு?" என்றாள். முதல் ஐயாவை அவள் பார்த்ததில்லையாம். பார்த்தவர்கள் யாரும் இல்லையாம்.

வீட்டில் வந்து சொன்னேன். சித்தப்பா யோசித்துவிட்டு, பரவாயில்லை, நம் வீட்டிலும் ஒரு டாக்டர் என்றார். ஐயாவிடம் குறை கண்ட அத்தை, ஊசி போடாத டாக்டர்தான் கைராசிக்காரர் என்று மாறிவிட்டாள். அம்மா உலையை இறக்கி வைத்தாள். பிறகு, "குடிக்காத மனுஷன் எவனா இருந்தா என்னடி. நான் நிம்மதியாத் தூங்கறேன். அங்கயே இருக்கட்டும்" என்றாள். அவள் கையில் அந்தப் பழைய வீக்கம் வடிந்துவிட்டது பெரியப்பா. ஆகவே ஐயாவுக்குத் தகுதி உண்டு என்றும், அப்பா அங்கேயே இருக்க நீங்கள் சம்மதிக்கலாம் என்றும் வீட்டார் எல்லோரும் தெரிவிக்கச் சொன்னார்கள்.

பெரியம்மாவுக்கு என் அன்பு. உங்கள் இருவர் ஆசியும் எனக்கு எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகள்

பி.கு: மேலே உள்ளதை அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். இதைக் காட்டப்போவதில்லை. சம்மதிக்க வேண்டாம் பெரியப்பா. பெரிய ஆஸ்பத்திரியில் குடிக்கு வைத்தியம் செய்யும் டாக்டரம்மாவைப் பார்த்துப் பேசினேன். இந்த முறை கேள்வியை நானே கேட்டேன், அவர் என்ன படித்தார், எங்கே படித்தார் என்று சொன்னார். அழைத்து வரச் சொல்லியிருக்கிறார். அப்பா மறுபடி குடிக்கலாம், அதையும் மறைக்காமல் சொன்னார். அவர் தேறும்வரை அம்மாவை அத்தை வீட்டில் விட்டுவைக்கிறேன், அப்பாவோடு நான் இருக்கிறேன். சேர்த்தவர் கையெழுத்து இல்லாமல் அவரை வெளியே விடமாட்டார்கள். உடனே கிளம்பி வாருங்கள். கூடத்தில் நின்று, சின்ன வயதில் சண்டை போடும்போது அப்பாவைக் கூப்பிடுவீர்களே, தவளை என்று, அப்படிக் கூப்பிடுங்கள். அவர் திரும்பிப் பார்க்காவிட்டாலும் கையெழுத்துப் போட்டு அழைத்து வந்துவிடுங்கள்.