குணேஸ்வரியின் மூன்று வருசமும் லண்டன் சோதினையும்

ஸ்டுட்கார்ட்டுக்கு அருகில்,
14.11.1988

மதிப்புக்குரிய விஜயரத்தினம் அத்தான் அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் சிற்றம்பலம் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், மனைவி, மகள் குணேஸ்வரி மூவரும் எனது முழங்கால் நீங்கலாக நலம். தங்களதும் அக்காவினதும் நலத்தை வானொலிச் செய்தி கேட்டு ஊகித்துக்கொண்டிருக்கிறோம். ஊகிக்கத் தேவையில்லை என்று ஒரு வரி எழுதிப் போடவும்.

நிற்க. குணேஸ்வரி இவ்வருடம் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் படிக்கிறாள். வருகிற வருடம் ஜேர்மன் சோதினை. அத்தோடு லண்டன் ஏ.எல். சோதினையையும் வெளிவாரியாக எடுப்பிக்க வேண்டும் என்று நான் தீர்மானித்தேன். எங்கள் அகதி வழக்கு ஐந்து வருடமாக முடியவில்லை. நாளைக்கு எங்களைத் திருப்பி அனுப்பினால் ஜேர்மன் சேட்டிபிக்கற்றை வைச்சு அங்கை ஆருக்குக் காட்டுறது? லண்டன் சோதினை எண்டால் எந்த யூனிவர்சிற்றியும் எடுக்கும். பிள்ளை ஓம் எண்டும் சொல்லேல்லை, ஏலாது எண்டும் சொல்லேல்லை. யோசிப்பம் எண்டு சொல்லிப்போட்டு அறைக்கதவைச் சாத்தினா. நான் அதை ஓம் எண்டு எடுத்துக்கொண்டு விண்ணப்பப் படிவத்தைத் தருவிச்சன்.

அத்தான், உங்களுக்கு நான் இவ்வளவு காலமும் ஒளிச்ச விசயம் ஒண்டு இருக்கு. எண்பத்திமூண்டிலை இஞ்சை வந்து இறங்கி, பதியிறதுக்கு வரிசையிலை நிக்கேக்கை, முன்னாலை நிண்ட அம்புறோஸ் எண்ட மனிசன் திரும்பிப் பாத்து, பதினாறு வயசு முடிஞ்ச பிள்ளையைத் தாய் தேப்பனோடை விடமாட்டாங்கள், தனி வழக்கு, வேறை ஊரிலை தனி முகாம் எண்டு சொன்னார். குணேஸ்வரிக்குப் பதினாறு முடிஞ்சு ஏழு மாசம். பிறந்த வருசம் அறுபத்தேழு எண்டு எழுத வேண்டிய இடத்திலை எழுபது எண்டு எழுதிப்போட்டன். அம்புறோஸ் சொன்னது சுத்தப் பொய்யெண்டு ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. அந்தாளுக்குப் பிள்ளை குட்டியே இல்லையாம், பிளேனிலை ஆரோ கதைச்சதைக் கேட்டவராம். அதுக்குள்ளை, ஊரிலை பத்தாம் வகுப்பு ஓ.எல். எட்டுப் பாடமும் பாஸ் பண்ணின என்ரை பிள்ளையைப் பதின்மூண்டு வயசுப் பெடியள் பெட்டையளோடை எட்டாம் வகுப்பிலை கொண்டுபோய் இருத்திப்போட்டினம். பாசை படிக்கட்டும், நல்லதுதானே எண்டு என்னை நானே தேற்றிக்கொண்டன். இந்த வருசம் பங்குனியிலை வகுப்புப் பிள்ளையள் பதினெட்டு மெழுகுதிரி குத்தின கேக்கோடை வீட்டை வந்தினம். அவ சிரிச்சுக்கொண்டு ஊதி நூத்தா. தாய் குசினிக்குள்ளை போய்ப் பைப்பைத் திறந்துவிட்டிட்டு அழுதா.

இப்ப நடந்ததைக் கேளுங்கோ. லண்டன் படிவத்துக்கு ஓ.எல். சேட்டிபிக்கற்றும் வேணும், பள்ளிக்கூட முத்திரையும் வேணும். ரண்டையும் தூக்கிக்கொண்டு நானே தலைமை ஆசிரியையிட்டைப் போனன், குணேஸ்வரியையும் கூட்டிக்கொண்டு. அந்த அம்மா சேட்டிபிக்கற்றைப் பாத்தா, டிசம்பர் எண்பத்திரண்டு. தன்ரை கோப்பைப் பாத்தா. திரும்பச் சேட்டிபிக்கற்றைப் பாத்தா. காகிதத்தின்படி என்ரை மகள் பன்னிரண்டு வயசிலை ஓ.எல். பாஸ் பண்ணியிருக்கிறா. இது உண்மையோ எண்டு கேட்டா. எனக்குத் தெரிஞ்ச ஜேர்மனிலை "யா" எண்டன். எழும்பி வந்து என்ரை கையைப் பிடிச்சுக் குலுக்கினா. அதோடை விட்டிருக்கலாம், விடேல்லை. மற்ற நாள் அவ சொல்லி உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருத்தர் கமெராவோடை வீட்டை வந்திட்டார். பிள்ளை என்ன சாப்பிட்டு இப்பிடிப் படிச்சவ எண்டு கேட்டார். முருங்கை இலை எண்டன். எழுதிக்கொண்டார். நாளைக்கு எத்தினை மணித்தியாலம் படிச்சவ எண்டு கேட்டார். பத்து எண்டன், அதையும் எழுதினார். இதெல்லாத்தையும், அத்தான், குணேஸ்வரிதான் பக்கத்திலை நிண்டு ஜேர்மனிலை சொன்னவ. நான் சொல்லுற பொய்யை முகத்திலை ஒரு மாற்றமும் இல்லாமல் இலக்கணப் பிழையும் இல்லாமல் சொன்னா. எனக்கு வெக்கமாக் கிடந்தது. சோதினை முடியுமட்டும் படத்தைப் போடாதையுங்கோ, கண்ணூறு பட்டிடும் எண்டு கெஞ்சினன். அதையும் அவதான் சொன்னா.

இப்ப முத்திரை குத்திறதுக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் கொண்டு வரச் சொல்லுகினம். உண்மையானதைக் குடுத்தால், வயசைப் பொய் சொன்னவன் எல்லாத்தையும் பொய்தான் சொல்லியிருப்பான் எண்டு வழக்கிலை எழுதுவாங்கள். வழக்கிலை நாங்கள் சொன்ன, கலவரத்திலை எரிஞ்ச எங்கடை கடையும் பொய்யாப் போகும். குடுக்காட்டில் பிள்ளைக்குச் சோதினை இல்லை. எண்டபடியால், அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருடம் கடமையாற்றிய தாங்கள் எழுபதாம் ஆண்டு பிறந்ததாகப் போட்ட பத்திரம் ஒன்றை எப்படியாவது எடுப்பித்து அனுப்ப வேண்டும். தாங்கள் வாழ்நாளில் ஒரு முத்திரையைக்கூடப் பிழையாகக் குத்தாதவர் என்பது எனக்குத் தெரியும். அதாலைதான் உங்களை ஒருத்தரும் சந்தேகப்படமாட்டினம்.

அக்காவுக்கு எங்கள் அன்பு. சின்னவைக்கு ஆசீர்வாதம். எல்லாரையும் நல்லூரான் காப்பாற்றுவார், அவருக்கும் இப்போது அங்கு வேலை அதிகம் என்று அறிகிறேன்.

தங்கள் கீழ்ப்படிவுள்ள மைத்துனன்,
சிற்றம்பலம்

பி.கு.: மேலை எழுதின ஒண்டையும் செய்ய வேண்டாம். விலாசம் எழுதச் சொல்லிக் கடிதத்தைக் குணேஸ்வரியிட்டைக் குடுத்தன். நிண்ட நிலையிலை முழுக்க வாசிச்சா. பெட்டிக்கு அடியிலை கிடந்த உண்மையான பத்திரத்தை எடுத்துக்கொண்டு நேரே தலைமை ஆசிரியையிட்டைப் போயிட்டா. பின்னேரம் வந்து சொன்னா: "அப்பா, லண்டன் சோதினை எழுதுறன். ஆனால் என்ரை வயசிலை எழுதுறன்." அந்த அம்மா கேட்டுப்போட்டு ஒண்டும் ஏசேல்லையாம், கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னாவாம். படிவம் அறுபத்தேழு எண்டு போட்டுத் தபாலிலை போயிட்டுது. வாற வியாழக்கிழமை காலமை எட்டு மணிக்கு வெளிநாட்டவர் கந்தோரிலை எனக்கு ரெர்மின், நேரம் குறிச்சுக்கொண்டு வந்திருக்கிறா. எழுதினது நான், திருத்த வேண்டியதும் நான்தானாம். வழக்கு என்ன ஆகுமோ தெரியாது. இரவு முன்னாலை இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தா. காலமை வரைக்கும் பதினெட்டு, இப்ப இருபத்தொண்டு. நிமிர்ந்து பாக்க எனக்குக் கொஞ்சம் பயமாக் கிடந்தது, அத்தான்.