புருசனை வெளியே உட்காரவைத்த கதை

அடுத்தவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பதுதான் என் பிழைப்பு. அந்தப் பிழைப்பைத் தொடங்கிய நான்காவது மாதத்தில், என்னை நம்பி வந்தவர்களை முக்கால் மணி நேரம் வாய் திறக்கவிடாமல் நானே பேசித் தீர்த்தேன். பேசியதுகூடப் பரவாயில்லை. தப்பான ஆளிடம் பேசினேன்.

இதில் வரும் மூன்று பேரிடமும் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன். பெயர், தொழில், ஊர் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். ஒருவர் மட்டும், "என்னைக் கொஞ்சம் ஒசரமா எழுதுங்க மேடம்" என்று கேட்டுக்கொண்டார். ஆகவே ஒருவர் உயரமாக வருவார்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. சென்னையில் உளவியல் படித்துவிட்டு வந்து, கள்ளக்குறிச்சியில் ஒரு டயர் கடை மாடியில் 'குடும்ப ஆலோசனை மையம்' என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருந்தேன். கல்யாணமாகி ஆறு மாதம். (அந்த ஆறு மாதத்தில் தாம்பத்தியத்தைக் கரைத்துக் குடித்துவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு.) எங்கள் பக்கத்தில் கவுன்சிலிங் என்றால் இன்ஜினியரிங் சீட்டுதான். வந்தவர்களில் பாதிப்பேர் பிளஸ் டூ மார்க் ஷீட்டோடு வந்தார்கள். இங்கே அதெல்லாம் இல்லை என்றதும், "அப்பறம் இன்னாத்துக்கு போர்டு வெச்சிக்கினு இருக்கீங்க" என்று நியாயமாகக் கேட்டுவிட்டுப் படியிறங்கினார்கள்.

அதனால், "புருசன் பொண்டாட்டி விசயம் பேசணுங்க" என்று ஒரு பெண் போன் செய்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னேன். ஒன்பது மணிக்கே மூன்று நாற்காலியையும் மூன்று தடவை துடைத்தேன்.

வந்தது மூன்று பேர். கோமதிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கச்சிராயபாளையத்தில் தையல் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். கூட, இஸ்திரி போட்ட சட்டையில் மெலிந்த ஒருவர், பெயர் சேகர். பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிய, நல்ல உயரமான ஒருவர். அவர் முருகேசன், கரும்பு விவசாயி. கோமதி ஃபேனுக்குக் கீழே உட்கார, பக்கத்து நாற்காலியில் சேகர் உட்கார்ந்தார். உயரமானவர் கதவோர நாற்காலியில் ஒதுங்கி உட்கார்ந்தார். சேகர் அவரைப் பார்த்து, "அண்ணே, இப்டி வாங்க, காத்து வரும்" என்றார்.

எனக்கு அது போதும். பக்கத்தில் இருப்பவர் புருசன், கதவோரம் இருப்பவர் புருசனுக்கு அண்ணன். சொந்தக்காரர் துணையில்லாமல் எந்த ஜோடி எங்கே போயிருக்கிறது இந்த ஜில்லாவில்? கணக்கு ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருக்கணும்" என்றேன் முருகேசனிடம்.

"நானா?"

"ஆமாங்க. நீங்க இருந்தா இவங்க ரெண்டு பேரும் மனசு விட்டுப் பேச முடியாது."

அவர் மற்ற இருவரையும் பார்த்தார். அவர்கள் அவரைப் பார்த்தார்கள். "இதான் மொறைன்னா சரிங்க" என்று எழுந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே போனார்.

பிறகு ஆரம்பித்தேன். சொந்தக்காரர்களைக் குடும்பத்துக்குள் எவ்வளவு தூரம் விடலாம், எங்கே கோடு போட வேண்டும் என்று விளக்கினேன். "மேடம், அது வந்து" என்று கோமதி இரண்டு தடவை வாயெடுத்தார். டிராபிக் போலீஸ் மாதிரி கையைக் காட்டி நிறுத்தினேன். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். சேகர் கதவைப் பார்த்துக்கொண்டே பிடித்தார்.

"இந்த வாரமே ரெண்டு பேரும் கல்வராயன் மலைக்குப் போங்க. ரெண்டு நாள் தங்குங்க. அருவியில குளிங்க. அண்ணன்கிட்ட சொல்லணும்னு அவசியமில்ல."

"நான் மலையிலதாங்க இருக்கேன். வெள்ளிமலையில மரவள்ளி ஏவாரம்" என்றார் சேகர்.

"பாத்தீங்களா, இதுதான் பிரச்சனையே. புருசன் மேல, பொண்டாட்டி கீழ." நோயின் வேரையே பிடுங்கிவிட்ட சந்தோஷத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அந்தச் சந்தோஷத்தோடு, முதலில் நிரப்பியிருக்க வேண்டிய படிவத்தை எடுத்தேன். "கல்யாணமாகி எத்தனை வருசம்?"

"பதினோரு வருசங்க" என்றார் கோமதி.

"லவ் மேரேஜா?"

"வூட்ல பாத்ததுதான். ஆனா இவரோட இல்லீங்க."

பேனா நின்றது. "பின்ன யாரோட?"

"வெளிய உக்கார வெச்சிருக்கீங்களே, அவரோட."

இந்த இடத்தில் அறிவுள்ள யாரும் ஒரு கேள்வி கேட்பார்கள்: இது அவருக்குத் தெரியுமா? நான் கேட்கவில்லை. வெளியே இருப்பவர் கரும்பு வெட்டுகிறவர், அவரிடம் அரிவாள் இருக்கும் என்பதுதான் தோன்றியது. "சேகர் சார், நீங்க சத்தமில்லாம போயிடுங்க" என்று கிசுகிசுத்தேன்.

"எப்டிங்க போறது? காரு சாவி அண்ணன்கிட்ட இருக்கு" என்றார் அவர், சாதாரணக் குரலில்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. எனக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ, சேகரைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்ப் பாத்ரூமில் விட்டு, வெளித் தாழ்ப்பாளை ஓங்கி அடித்துப் போட்டேன்.

முருகேசன் உள்ளே வந்தார். கையில் நாலு டீ.

"சேகரு எங்க?"

"பாத்ரூம்ல இருக்காரு" என்றேன். அன்று காலையிலிருந்து நான் பேசியதில் அது ஒன்றுதான் சரியான தகவல்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அண்ணே, கதவு தொறக்க மாட்டேங்குது."

டீயை மேசையில் வைத்துவிட்டு முருகேசன் போய்த் தாழ்ப்பாளை இழுத்தார். துருப்பிடித்த தாழ்ப்பாள், நான் அடித்த அடியில் வளைந்து சிக்கிக்கொண்டிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இது வெளித் தாப்பா ஆச்சே. யாரு போட்டது?"

கோமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "மேடம்தான். உன்னப் பாத்து பயந்துபோய் சேகர ஒளிச்சு வெச்சிட்டாங்க."

"என்னைப் பாத்தா?" முருகேசன் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. "பதினோரு வருசத்துல என்னைப் பாத்து பயந்த மொத ஆளு நீங்கதான் மேடம்."

நாலு பேர் இழுத்தும் (ஒருவர் உள்ளேயிருந்து தள்ளினார்) நகராததால், கீழேயிருந்து டயர் கடைக்காரரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. பெரிய கடப்பாரையோடு வந்து, "உள்ள யாருங்க?" என்று கேட்டார். ஊர் முழுக்கப் பரவ அந்த ஒரு வாய் போதும்.

"நம்ம வூட்டு ஆளுதான்" என்றார் முருகேசன், யோசிக்காமல்.

கதவு திறந்தது. சேகர் வெளியே வந்து ஒரு டீயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. பயந்துவிட்டார் என்று நினைத்தேன். (அதுவும் தப்பு.)

கடைக்காரர் போன பிறகு, முருகேசன் சொன்னார். கோமதி எதையும் ஒளிக்கவில்லை. சேகர் மேல் மனசு போகிறது என்று தெரிந்தவுடனே, ஒன்றும் நடக்கும் முன்னாலேயே புருசனிடம் சொல்லியிருக்கிறார். மூன்று மாதம் பேசி, மூன்று பேருமாக எடுத்த முடிவு இது. இரண்டு வருடமாக இப்படித்தான் வாழ்கிறார்கள். புருசனை விட்டுப் போகும் எண்ணம் கோமதிக்கு இல்லை. முருகேசனுக்கும் யாரையாவது பிடித்தால் போகலாம் என்பது ஏற்பாடு. "எனக்குத் தடையில்ல. ஆனா என்னை இன்னும் யாரும் கேக்கல" என்றார்.

"அப்ப இன்னா பிரச்சனைக்கு வந்தீங்க?" படிப்பு, பட்டம், திருத்தமான பேச்சு எல்லாம் போய் எனக்கும் 'இன்னா' வந்துவிட்டது.

"சின்னச் சின்ன உரசல்தாங்க. உக்காந்து பேச ஒரு எடம் வேணும். சரியா தப்பான்னு தீர்ப்பு சொல்ற ஆளு ஊரு பூரா இருக்காங்க. அதான் வெளிய மூச்சு வுடல. உங்களாலயும் முடியலன்னா வேற போக்கிடம் இல்ல" என்றார் கோமதி.

அந்த நிமிடம் வெட்கத்தில் நான் டயர் கடைக்குள்ளேயே இறங்கியிருப்பேன். "எனக்கு இதைப் பத்தித் தெரியாது. இன்னிக்கு நடந்ததுக்கு மன்னிச்சிடுங்க. படிச்சிட்டு, அடுத்த வாரம் ஒழுங்கா கேக்கறேன்" என்றேன். சென்னையில் இருந்த என் பேராசிரியைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்தேன். "அவங்களுக்கு எது வேணும்னு நீ எப்ப கேட்ட?" என்றார். கடைசியில் கேட்டேன் என்றேன். "இனிமே மொதல்ல கேளு."

அடுத்த சனிக்கிழமை அவர்கள் திரும்ப வந்ததே எனக்கு ஆச்சரியம். முதலில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்தேன். (ஏன் என்று சொல்லிவிட்டு.) பயந்தோ வேறு வழியில்லாமலோ யாராவது சரி என்றார்களா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. முருகேசன் சொன்னார்: "நான் வேணாம்னு சொல்லியிருந்தா அவ விட்டிருப்பா. அது எனக்குத் தெரியும். அதனாலதான் சரின்னேன்."

பிறகு மூவரும் சேர்ந்து. கோமதி மலைக்குப் போவது முருகேசனுக்குக் கஷ்டமில்லை. மலைப்பாதையில் ஏறியதும் டவர் போய்விடும், அப்போதுதான் அவர் தூக்கமில்லாமல் வாசலுக்கும் திண்ணைக்குமாக நடப்பார். அது பொறாமையாக இருக்கலாமா என்று கேட்டேன். "சேச்சே" என்றார். மூன்றாவது வாரம், "கொஞ்சம் இருக்குது" என்றார். அதைக் கேட்ட கோமதி கோபித்துக்கொள்ளவில்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சொல்லாமலே. இருவரும் தன்னிடமே சொல்லி அனுப்புவதால் போஸ்ட்மேன் வேலை பார்த்துப் பார்த்துக் களைத்துவிட்டதாகக் கோமதி சொன்னார். விருந்தாளி மாதிரியே வந்து விருந்தாளி மாதிரியே போவதாகச் சேகர் சொன்னார். 'நம்ம வூட்டு ஆளு' என்று தன்னை ஒருவர் சொல்லிக் கேட்டது பாத்ரூமுக்குள் இருந்தபோதுதானாம்.

நான் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. ஒருவர் பேசினால் மற்ற மூவரும் (நானும்தான்) கேட்க வேண்டும் என்றேன். அவர்களே முடிவு செய்தவற்றை ஒரு தாளில் எழுதவைத்தேன். வெள்ளிமலை போய்ச் சேர்ந்ததும் டவர் கிடைக்கும் இடத்தில் நின்று ஒரு போன். முருகேசனும் சேகரும் நேராகப் பேசிக்கொள்வது. உடம்பு விசயத்தில் மூவரும் டாக்டரிடம் பரிசோதனை. யாருக்கு மனம் ஒப்பவில்லை என்றாலும் நிறுத்திவிட்டுப் பேசுவது. பொங்கலுக்கு மூவரும் சேர்ந்து சாப்பாடு. நாலு மாதம் வந்தார்கள். பிறகு, "இப்ப எங்களுக்கே பேச வருது மேடம்" என்று நிறுத்திக்கொண்டார்கள். இன்னும் மூவரும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து வந்த ஒரு பெரிய பலாப்பழத்தை மாடிக்குத் தூக்கிவந்தது டயர் கடைக்காரர்தான்.

அன்றிலிருந்து, என் அறைக்கு யார் வந்தாலும் உட்காரும் முன்னே, யார் யாருக்கு என்ன உறவு என்று கேட்டுவிடுவேன். போன மாதம் திருக்கோவிலூரிலிருந்து வந்த எழுபது வயதுத் தம்பதியிடமும் கேட்டேன். அந்த அம்மா கணவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்களாவது கேட்டீங்களே" என்றார்.

நடந்ததைச் சொல்லிக்கொள்ளலாம் என்று மூவரும் அனுமதி கொடுத்த நாளிலிருந்து என் வீட்டுக்காரருக்குக் கொண்டாட்டம். கல்யாணம், காதுகுத்து, எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தெரியாதவர்களிடம் கும்பிட்டுச் சொல்கிறார்: "வணக்கங்க. நான்தான் இவங்க புருசன். இன்னிக்கு உள்ள உக்கார வெச்சிருக்காங்க."