இல்லாத வாட்ச்மேன்

என்ன ஆனாலும் இந்த வீட்டை விட்டு நகரப் போவதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முடிவு செய்தேன். அப்போது கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். முடிவை வாய்விட்டுச் சொல்லவில்லை. வாயில் கிளிப் இருந்தது.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் ஹாலில் அந்தக் காட்சியைப் பார்த்திருந்தேன். என் மனைவி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வாடகை வீடு தேடிக்கொண்டிருந்தாள். மூன்று படுக்கையறை, காற்றோட்டமான சமையலறை. அதுகூடப் பரவாயில்லை. அவள் அக்கா குடியிருக்கும் தெருவைச் சுற்றியே தேடிக்கொண்டிருந்தாள்.

யாருக்கு என்று கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்வாள். அவள் வாயால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டால் அப்புறம் அது நடந்த மாதிரிதான். அதனால் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நல்ல பிள்ளையாக வெளியே வந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் மாடியில் ஒரே ஒரு அறை. பெரிய அறை. அது என் அறை. அங்கே ஒரு மேஜை, மேஜை நிறைய ஒரு ஜிக்சா படம். ஐயாயிரம் துண்டு. கப்பல் முடிந்துவிட்டது, கடல் முடிந்துவிட்டது, வானம்தான் பாக்கி. வானம் முழுக்க ஒரே நீலம். ஒரு வாரத்துக்கு ஒரு துண்டு பொருந்தினால் அது நல்ல வாரம். மேஜையை ஓர் அங்குலம் அசைத்தாலும் கப்பல் மூழ்கிவிடும். வீடு மாறுவதாவது!

அதைவிடப் பெரிய காரணம் என் சகலை. மனைவியின் அக்காவைக் கட்டியவர். நாற்பது தாண்டியபிறகு ட்ரம்ஸ் கற்றுக்கொள்கிறார். மோசமாக வாசிக்கிறார் என்று சொல்ல மாட்டேன். விடாமல் வாசிக்கிறார். அவருக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் வேறு. இரண்டும் நடந்து நான் பார்த்ததில்லை, ஓடித்தான் பார்த்திருக்கிறேன். அந்தத் தெருவில் போய் குடியிருப்பதைவிட நான் வேலை செய்யும் தொழிற்சாலையிலேயே பாயை விரித்துவிடலாம்.

தொழிற்சாலை என்றதும் சொல்லிவிடுகிறேன். சுவிட்ச் செய்கிற கம்பெனி. நான் அதில் தரப் பரிசோதனை மேற்பார்வையாளர். காலையிலிருந்து சாயங்காலம் வரை சுவிட்சை அமுக்கிப் பார்ப்பதுதான் உத்தியோகம். என் விரல் படாமல் ஒரு சுவிட்சும் வெளியே போனதில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக, எங்கள் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவரிடம் போனேன். அவரை எல்லோரும் சிஸ்டம் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சிஸ்டம், நம்ம ஆபீஸ்ல சில சைட் மட்டும் திறக்க மாட்டேங்குதே, அது எப்படி?"

"உங்களுக்கு எந்த சைட் சார் திறக்கல?"

"எனக்கு இல்லப்பா. பொதுவாக் கேக்குறேன்."

"பொதுவாக் கேக்குறவங்கதான் சார் மாட்டிக்கிறாங்க. அது ப்ராக்ஸி சர்வர். வாசல்ல நிக்கிற வாட்ச்மேன்னு வச்சுக்கோங்க. இங்க இருக்குற எந்தக் கம்ப்யூட்டரும் நேரா வெளிய போகாது. அவர்கிட்ட சொல்லிட்டுத்தான் போகும். அவர் முடியாதுன்னா முடியாதுதான்."

"வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு வாட்ச்மேனை வைக்கணும்னா?"

"ஒரு சைட்டை நிறுத்துறதுக்கா? அதுக்கு வாட்ச்மேனே வேண்டாம் சார். இல்லாத வாட்ச்மேன் போதும். செட்டிங்ஸ்ல ப்ராக்ஸின்னு ஒரு பக்கம் இருக்கும். அதுல ஏதாவது ஒரு பொய் அட்ரஸைக் குடுத்துடுங்க. கம்ப்யூட்டர் அவரைத் தேடிப் போய் நிக்கும். ஆள் இருக்க மாட்டார். எதுவுமே திறக்காது."

"எதுவுமே திறக்கலைன்னா சந்தேகம் வந்துடுமே."

"கீழ ஒரு பெட்டி இருக்கும். இவங்களை மட்டும் கேக்காம விட்டுடுன்னு சொல்றதுக்கு. திறக்க வேண்டிய சைட்டையெல்லாம் அதுல எழுதிடுங்க. மத்ததெல்லாம் செத்துடும்." சிஸ்டம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "யார் வீட்டுக்கு சார் இது?"

"பக்கத்து வீட்டுக்காரருக்கு."

"அவர் சம்சாரத்துக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?"

"பல் ஆஸ்பத்திரியில ரிசப்ஷன்ல இருக்கா. அப்பாயின்ட்மென்ட் போடத் தெரியும், அவ்வளவுதான்."

பக்கத்து வீட்டுக்காரர் மனைவியை நான் எதற்கு 'இருக்கா' என்று சொல்ல வேண்டும்? சிஸ்டம் அதைக் கேட்கவில்லை. ஜாக்கிரதை சார் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

இங்கே என் மனைவியின் உத்தியோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பல் பிடுங்கிக்கொள்ள வருகிறவர்கள் வாசல்வரை வந்துவிட்டு ஓடப் பார்ப்பார்கள். அவர்களிடம் இரண்டு வார்த்தை பேசி, சிரித்த முகத்தோடு அந்த நாற்காலியில் போய் அவர்களாகவே உட்கார வைப்பாள். அதற்குத்தான் சம்பளம். இதை நான் அன்றைக்கு யோசித்துப் பார்த்திருக்க வேண்டும்.

சாயங்காலம் அவள் மாடிக்குத் துணி எடுக்கப் போன சமயம் பார்த்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். செட்டிங்ஸ். நெட்வொர்க். ப்ராக்ஸி. அட்ரஸ் என்ற இடத்தில், எந்த ஊரிலும் எவனுக்கும் இருக்க முடியாத எண் ஒன்றை அடித்தேன். பக்கத்தில் போர்ட் என்று ஒரு கட்டம். அதற்கும் ஒரு நம்பர் கொடுத்தேன். அடுத்தது அந்தப் பெட்டி. அங்கேதான் என் பெரிய மனசைப் பார்க்க வேண்டும். அவள் பார்க்கும் தொடர் திறக்கட்டும், அவள் கேட்கும் பாட்டு திறக்கட்டும், செய்தி, வானிலை, என் ஜிக்சா கடை எல்லாம் திறக்கட்டும் என்று ஒவ்வொன்றாக எழுதினேன். வாடகை வீட்டுக்காரனை மட்டும் எழுதவில்லை. கடைசிப் பெயரை அடித்து முடிக்கவும் படியில் காலடிச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

சட்டென்று ஸ்கிரீனின் சுவிட்சை அமுக்கி அணைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

"என்னங்க, கறுப்பு ஸ்கிரீனைப் பார்த்துட்டு நிக்கிறீங்க?"

"தூசி இருக்கான்னு பார்த்தேன்."

"இருக்கா?"

"இல்ல."

"அப்ப போய்க் குளிங்க. வேர்த்து ஊத்துது உங்களுக்கு."

குளித்துவிட்டு வந்தபோது அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"ஏங்க, அந்த வீடு தேடுற சைட் மட்டும் திறக்கவே இல்லைங்க."

தலை துவட்டுகிற சாக்கில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் சிரித்தேன். சந்தோஷம் அப்படி ஒரு சந்தோஷம். அப்புறம் முகத்தைச் சரிசெய்துகொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன். உண்மைதான். வாடகை வீடு மட்டும் வரவில்லை.

"அவங்க பக்கம்தான் கோளாறா இருக்கும்," என்றேன்.

"சரியாகுமா?"

"பார்த்துடலாம். நான் இருக்கேன்ல?"

"போன்ல பார்த்துக்கலாம்னா, அதுல எல்லா வீடும் தீப்பெட்டி மாதிரி தெரியுது. நீங்களே எப்படியாவது சரி பண்ணிக் குடுத்துடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

வெள்ளிக்கிழமை வரை சமாளித்தால் போதும். அது தெரிந்ததும் எனக்கு உறுதி இரட்டிப்பானது. செவ்வாய்க்கிழமை மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒயர்களைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன். புதன்கிழமை கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து உள்ளே ஊதினேன். எங்கள் இரண்டு பேருக்கும் தும்மல் வந்தது. வியாழக்கிழமை ஒன்றும் தோன்றவில்லை. மவுஸைத் தலைகீழாகப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று நாளும் மாடிக்கே போகவில்லை. என் வானம் அப்படியே கிடந்தது. அதைக் காப்பாற்றத்தானே இத்தனை பாடு என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

நடுவில் அவள் அக்காவிடம் போனில் பேசியது காதில் விழுந்தது. "இல்லக்கா, இன்னும் திறக்கல. அவரே கையோட உட்கார்ந்து பார்த்துட்டிருக்கார். பாவம், சாப்பிடக்கூட எழுந்திரிக்கல." அந்தப் பாவத்தைக் கேட்டதும் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் நான் அசரவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் ஹாலில் சகலையும் மனைவியின் அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். இரட்டையர் சோபாவைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க சகலை. உங்களைத்தான் நம்பியிருக்கோம். அந்த சைட் திறந்துதா?"

"எந்த சைட்?"

"வீடு தேடுறதுதான். எங்க ஓனர் காலி பண்ணச் சொல்லிட்டார்ல. அந்த மனுஷனுக்குச் சங்கீத ஞானமே கிடையாது. சாமானெல்லாம் மூட்டை கட்டியாச்சு. கம்ப்யூட்டரையும் கட்டிட்டேன். உங்க வீட்டம்மாதான் நான் தேடித் தர்றேன்னு சொன்னா."

"அப்ப வீடு தேடினது உங்களுக்கா?"

"பின்ன யாருக்கு?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் டம்ளரில் காபியை ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றுவதில் கவனமாக இருந்தாள்.

"நாளைக்குக் காலையில வண்டி வருது தம்பி," என்றார் அக்கா. "எங்க போய் இறங்குறதுன்னே தெரியல. நீங்க எப்படியும் சரி பண்ணிடுவீங்கன்னு இவ தினமும் சொல்லிட்டே இருந்தா. அதனால வேற எங்கயும் அலையல."

எழுந்துபோய் அந்தப் பொய் வாட்ச்மேனை எடுத்துவிட்டால் சைட் திறந்துவிடும். ஆனால் நான்கு பேர் பார்க்க எப்படி எடுப்பது? சகலை அதற்குள் போனைக் கையில் எடுத்துவிட்டார்.

"கவலைப்படாதீங்க சகலை. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார், கம்ப்யூட்டர்ல புலி. பக்கத்துலதான் வீடு. கூப்பிட்டா ஓடி வந்துடுவார். செட்டிங்ஸைத் திறந்தார்னா என்ன கோளாறு, யார் பண்ணது, என்னிக்குப் பண்ணதுன்னு புட்டுப் புட்டு வச்சிடுவார்."

"அத்தான் சொல்றதும் சரிதான்," என்றாள் என் மனைவி. "வரச் சொல்லலாமாங்க?"

"மாடி ரூம் சும்மாதானே கிடக்கு," என்றது ஒரு குரல்.

யார் சொன்னது என்று திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை.

"ஐயோ, அங்க உங்க கப்பல் இருக்கே," என்றாள் அவள், அவ்வளவு கரிசனமாக.

"கப்பல்தானே," என்றேன்.

"ட்ரம்ஸ் வேற இருக்கு. உங்களுக்குத் தொந்தரவா இருக்குமே."

"கலைதானே," என்றேன்.

சகலை எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தம்பி மாதிரி ஒரு மனுஷன் உண்டா என்று கேட்டார். இரட்டையர் அதற்குள் மாடிப்படியில் ஏறி ஓடிவிட்டார்கள். நல்ல வீடு கிடைக்கிறவரைக்கும்தான் என்று சகலை சொன்னார். அவசரமில்லை, நிதானமாகத் தேடலாம் என்று என் மனைவி சொன்னாள்.

அவர்கள் கிளம்பிப் போனதும் நானும் அவளும் மாடிக்குப் போனோம். மேஜைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் நான். கப்பலைப் பிய்த்துப் பிய்த்து டப்பாவில் போட்டோம். பாய்மரத்தை மட்டும் பிய்க்க மனசு வராமல் முழுசாகவே எடுத்து வைத்தேன். மனசில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றேன். "அந்த சைட் திறக்காததுக்கு..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"பொய் அட்ரஸ். கீழ பெட்டியில என் தொடர், என் பாட்டு, உங்க ஜிக்சா கடை. ஆஸ்பத்திரியிலயும் ப்ராக்ஸிதான். மாசத்துக்கு ஒரு தடவை மக்கர் பண்ணும். நான்தானே சரி பண்றேன்."

நான் கையில் இருந்த கடல் துண்டைக் கீழே வைத்தேன்.

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தே? வீடு உங்க அக்காவுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்கதான் பக்கெட்டைத் தூக்கிட்டு ஓடிட்டீங்களே."

"சரி, மாடி ரூம் வேணும்னாவது நேரா கேட்டிருக்கலாம்ல?"

"நான் கேட்டு நீங்க குடுத்தா, ஆயுசு பூரா சொல்லிக் காட்டுவீங்க. இப்ப நீங்களா குடுத்தது. அக்கா இப்பவே ஊர் பூரா உங்க பெருமையைப் பேசிட்டிருப்பா."

எனக்கு எல்லாம் போய்விட்டது. அறை போயிற்று, கப்பல் போயிற்று, நாளையிலிருந்து தூக்கமும் போகப்போகிறது. ஆனாலும் ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. அதை யாரும் என்னிடமிருந்து பறிக்க முடியாது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

"எது எப்படியோ, நான் வச்ச ப்ராக்ஸி ஒரு வாரமா இம்மி பிசகாம வேலை செஞ்சுதா இல்லையா? அதைச் சொல்லு."

அவள் கடைசி நீலத் துண்டை டப்பாவில் போட்டு மூடியை அழுத்தி மூடினாள்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருந்தீங்க. நீங்க குளிக்கப் போனப்ப ஸ்கிரீனைப் போட்டுப் பார்த்தேன், கீழ இருந்த சேவ் பட்டனை மட்டும் அமுக்காம விட்டிருந்தீங்க. நான்தான் அமுக்கினேன்."