ப்ராசஸருக்கு ஏழரைச் சனி

ஆடி பிறந்தால் சுசீந்திரத்துக் கல்யாண மண்டபங்கள் ஈ ஓட்டும். இந்த ஆடியில் ஒரு மண்டபத்தில் மட்டும் கால் வைக்க இடமில்லை. கல்யாணம் அல்ல. பந்திப் பலகைகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தவை சிபியுக்கள்.

சனிக்கிழமைதோறும் துரித சித்தர் அங்கே எழுந்தருளினார். இனயம் கடற்கரையிலிருந்து மீன் டெம்போவில் வந்தார்கள். கோட்டாறிலிருந்து ஆட்டோவில் வந்தார்கள். பிள்ளைக்குச் சுகமில்லை என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருவதுபோல, பழைய கம்ப்யூட்டரை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார்கள்.

சித்தரின் ஞானம் எளிமையானது. சனி பகவானுக்கு மந்தன் என்று ஒரு பெயர் உண்டு. மந்தன் பிடித்தால் மந்தம். வாங்கி ஏழரை ஆண்டு ஆன ப்ராசஸருக்கு ஏழரைச் சனி. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? மத பேதமும் அவரிடம் கிடையாது. இந்துவின் சிபியுவுக்குத் திருநீறு, கிறிஸ்தவரின் சிபியுவுக்கு எண்ணெய், முஸ்லிமின் சிபியுவுக்குப் பச்சைக் கயிறு. தட்சிணை மட்டும் எல்லாருக்கும் ஒன்றே.

ரத வீதியில் நெட் சென்டர் வைத்திருந்த லட்சுமிப்ரியாவை அங்கே இழுத்துக்கொண்டு வந்தவர், பக்கத்து ஜெராக்ஸ் கடைத் தெய்வநாயகம்.

"ஏட்டி பிரியா, ஒரு தடவ சாமிக்கிட்ட காட்டு. எனக்க மெஷின் இப்போ குதிரையாக்கும்!"

அவளுடைய மெஷினோ எருமை. ஒரு விண்ணப்பத்தைத் திறந்துவிட்டுக் காப்பி போட்டுக் குடித்துவிட்டு வரலாம். போனாள்.

சிபியு, மானிட்டர், கீபோர்டு மூன்றையும் சித்தர் காவிப் பட்டால் மூடினார். தன் தலையையும் பட்டுக்குள் விட்டார். கழுத்தில் மாட்டிய மைக் வழியாக மந்திரம் முழங்கியது. சீடர்கள் மணியடித்தார்கள். பட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. டக் டக் டக் டக்.

"கேட்டியளா? சனி நொண்டி நொண்டி எறங்கிப் போறாரு!" என்றான் தலைமைச் சீடன்.

சனிக்கு ஒரு கால் ஊனம் என்பது புராணம். சத்தம் கச்சிதமாகப் பொருந்தியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பட்டு விலகியதும் திரையில் வேகத்தின் எண்ணைக் காட்டினார்கள். 3300 என்று இருந்தது 4600 ஆகியிருந்தது. சில சிபியுக்கள் மட்டும் எத்தனை மணி அடித்தாலும் அசையவில்லை. "இது போன ஜென்மத்துக் கர்மம்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார் சித்தர். சிபியுவை மட்டும்.

இதில் ஒரு சங்கடம், லட்சுமிப்ரியாவின் மெஷின் உண்மையிலேயே வேகமாக ஓடியது. நான்கு நாள் பறந்தது. ஐந்தாம் நாள் மத்தியானம் படக்கென்று அணைந்தது. ஆறாம் நாள் மூன்று முறை அணைந்தது. சனிக்கிழமை வந்ததும் அவள் சித்தரிடம் ஓடினாள்.

"போன சனிக்கெழம மீன் தின்னியா?"

"சாளப் புளிமுளம் வச்சேன் சாமி."

"பொறவு எப்படி ஓடும்?"

நாகர்கோவில் பக்கத்தில் பிறந்த ஒருத்தி அன்றோடு மீனை விட்டாள். கருவாட்டையும் விட்டாள். மெஷின் அணைவதை விடவில்லை.

பக்கத்துத் தெரு ஜான்ரோஸின் மகள் அபிதா நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்க வந்தது அந்த வாரம்தான். மாலை ஐந்து மணிக்குக் கடைசி. சான்றிதழ்களை ஒவ்வொன்றாக ஏற்றி முடித்து, அனுப்பு என்ற பொத்தானுக்கு அம்பைக் கொண்டுபோனபோது மெஷின் அணைந்தது. மறுபடி உயிர் வந்தபோது ஐந்து மணி இரண்டு நிமிடம். அபிதா திட்டவில்லை. சான்றிதழ்களைக் கவரில் அடுக்கி வைத்துக்கொண்டு, "போட்டும் அக்கா, இனி அடுத்த வருசம் பாக்கலாம்" என்று எழுந்து போனாள். திட்டியிருந்தால்கூட லட்சுமிப்ரியா தாங்கியிருப்பாள்.

அவள் சிபியுவின் மேல் கை வைத்தாள். தோசைக்கல்லாகக் கொதித்தது. சனிக்கு ஜுரம் அடிக்குமா? முதன்முதலாக அவளுக்குச் சந்தேகம் வந்தது. மெஷினைத் தூக்கிக்கொண்டு கோட்டாறு சேக் முகம்மது கடைக்குப் போனாள். இருபது வருடமாக கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர்.

பாய் பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சனியக் காணல தங்கச்சி. ஆனா அவருக்க காக்கா கூடு கட்ட எடம் ரெடியா இருக்கு."

ஃபேன் முழுக்கத் தூசி. பாய் மெஷினை ஆன் செய்து, கீபோர்டில் டெலீட் கீயைத் தட்டினார். டக் டக் டக் டக்.

லட்சுமிப்ரியாவின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. "பாய், இது சனி எறங்குற சத்தமுல்லா?"

"இது பயாஸ் தொறக்குற சத்தம். மெஷினுக்க அடிப்படை செட்டிங் எல்லாம் இங்கதான் கெடக்கு. இன்னா பாரு, மூவாயிரத்து முந்நூறுல ஓட வேண்டியத நாலாயிரத்து அறுநூறுல வச்சிருக்கான். அதுக்குத் தோதா வோல்டேஜையும் கண்ணு மண்ணு தெரியாம ஏத்தியிருக்கான். அடுப்ப எரிய விட்டுட்டு, பானையில தண்ணி இருக்கான்னு பாக்காம போயிருக்கான். சூடு தாங்காம அது தானா அணைஞ்சு உசுரக் காப்பாத்திக்கிடுச்சு. மனசிலாச்சா?"

"அப்போ நான் மீன் தின்னது?"

"மீனுக்கும் இதுக்கும் என்ன? போய்த் தின்னு."

"வேகம் கூட்டவே கூடாதா?"

"கூட்டலாம். மொதல்ல தூசி தட்டணும். ப்ராசஸருக்கும் ஃபேனுக்கும் இடையில சூடு கடத்துறதுக்குத் தடவுன, காஞ்சு போன பேஸ்டத் தொடச்சுட்டுப் புதுசு தடவணும். பொறவு ஒரே ஒரு படி ஏத்தணும். ஒரு மணிக்கூர் பாரமான வேல குடுத்து ஓட விட்டு, சூட்டப் பாக்கணும். எண்பது டிகிரி தாண்டிச்சுன்னா ஒரு படி எறக்கணும். வோல்டேஜத் தொடப்பிடாது. சில ப்ராசஸரக் கம்பெனியே பூட்டித்தான் அனுப்பும். அது நம்ம சொன்னா கேக்காது."

"அதுதான் போன ஜென்மத்துக் கர்மமா!"

அன்று வீட்டில் சாளை பொரித்தாள். தின்றுகொண்டே யோசித்தாள்.

அடுத்த சனிக்கிழமை சிபியுவோடு மண்டபத்துக்குப் போனாள். பாயையும் கூட்டிக்கொண்டு போனாள். கீபோர்டு அவரவருடையதைத்தான் கொண்டுவர வேண்டும் என்பது சித்தரின் சட்டம். கொண்டுபோனாள். அதில் டெலீட் என்று எழுதியிருந்த இரண்டு கீகளையும் அடி ரப்பரோடு பிடுங்கியிருந்தாள்.

பட்டு மூடியது. சித்தரின் தலை உள்ளே போனது. மணி அடித்தது. சனி இறங்கவில்லை. இன்னும் ஓங்கி மணி அடித்தது. பட்டுக்குள் என்னவோ தடவித் தடவித் தேடும் சத்தம். மைக் அணைக்கப்படவில்லை என்பதைச் சித்தர் மறந்துவிட்டார்.

"ஏலே, இதுல டெலீட் கீ எங்கலே போச்சு?"

ஒலிபெருக்கி அதை மண்டபம் முழுக்கப் பரிமாறியது. மணி நின்றது.

"சாமி," என்று எழுந்தாள் லட்சுமிப்ரியா, "சனிய எறக்குறதுக்கு டெலீட் கீ எதுக்கு?"

சித்தர் வேர்த்த முகத்தோடு வெளியே வந்தார். "அங்கஹீனப்பட்ட கீபோர்டு! தெய்வக் குத்தம்!"

கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். நம்பிக்கை அவ்வளவு சீக்கிரம் ஷட் டவுன் ஆகாது. தெய்வநாயகம் பாய்ந்து வந்தார். "எனக்க மெஷின்ல எண்ணு கூடிச்சே, அதும் பொய்யா?"

நன்றிக் காணிக்கை செலுத்த வந்தபோது அவர் கூடவே தூக்கிவந்திருந்த மெஷின் அங்கேயே இருந்தது. பாய் மின்சார வயரைப் பிடுங்கினார். உள்ளேயிருந்த, ஒரு ரூபாய்க் காசு அளவு பேட்டரியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஐந்து நிமிடம் எல்லாரையும் பார்த்தபடி நின்றார். திரும்ப மாட்டி ஆன் செய்தார். திரையில் 3300.

"சாமி போட்ட செட்டிங் அழிஞ்சு பழையபடி ஆயாச்சு. அருள் இந்த பேட்டரிக்குள்ளயா இருந்துச்சு?" என்றாள் லட்சுமிப்ரியா. பாய் கொண்டுவந்திருந்த கீபோர்டை மாட்டி, மெஷினை மறுபடி ஆன் செய்து, எல்லாரும் பார்க்க டக் டக் டக் என்று தட்டி, பயாஸைத் திறந்து காட்டினாள். பட்டும் இல்லை, மணியும் இல்லை. சனி மட்டும் தவறாமல் நொண்டினார்.

பின்வரிசையிலிருந்து பெனிஷ் என்பவன் கத்தினான். "எடே, இது அனில்குமாரில்லியா? ஷார்ஜாவுல எனக்க கூட கம்ப்யூட்டர் கடையில நின்னவனாக்கும்!"

அனில்குமார் பட்டை உதறிவிட்டு அடுக்களை வழியாக ஓடினார். அந்த ஆடி மாதம் முழுவதும் அந்த மண்டபத்தில் பாதிப்பில்லாமல் வேகம் கூடியது அவர் ஒருவருக்குத்தான். குளத்தங்கரையில் பிடித்தார்கள். போலீஸ் வந்தது.

அபிதாவின் வருடம் திரும்பி வரவில்லை. அதற்குக் கழற்றி மாட்டுகிற பேட்டரி கிடையாது.

மண்டபத்தில் மிச்சமிருந்தவர்களுக்குத் தூசி தட்டுவது, பேஸ்ட் தடவுவது, ஒரு படி ஏற்றுவது எல்லாவற்றையும் பாய் பொறுமையாகச் செய்து காட்டினார். தெய்வநாயகம் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில் பயபக்தியோடு கேட்டார்.

"இந்த பேஸ்டு தடவ எந்தக் கெழம நல்லது பாய்?"

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். லட்சுமிப்ரியாதான் பதில் சொன்னாள்.

"கம்ப்யூட்டர பொறவு வேகமாக்கலாம் அண்ணாச்சி. தலைக்குள்ள ஒண்ணு புதுசு கலையாம சும்மா கெடக்குல்லா, மொதல்ல அத ஆன் பண்ணுங்க. எவ்வளவு ஓட்டினாலும் அது புகையாது."